கால்களில் மரத்தடுப்பு கட்டி ஆடிய செகண்ட் பேஸ்மேன்

1889 மார்ச்சில் ஒரு அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகையில், பெயர் போடாமல், இன்டர்நேஷனல் லீக் என்ற பேஸ்பால் லீகில் ஆடிய ஒருவர் பேசியிருக்கிறார். பட் ஃபௌலர் என்ற கறுப்பு ஆட்டக்காரர் செகண்ட் பேஸில் நிற்கும்போது முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் மரத்தடுப்பு கட்டியிருப்பார், ஏனென்றால் பேஸைத் திருட ஓடிவருகிற அநேகமாக எல்லோருமே வாய்ப்புக் கிடைத்தால் ஷூவின் ஆணிகளை அவர் காலில் இறக்கத்தான் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும் என்கிறார். அப்புறம் இன்னொன்றும் சொல்கிறார். ஓட்டக்காரரைத் தொட வேண்டிய கட்டாயம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஃபௌலர் சில நேரம் பந்தைத் தெரிந்தே தவறவிட்டதைத் தன் கண்ணால் பார்த்திருப்பதாக.

சொன்னவர் பெரிய அனுதாபத்தோடு சொன்ன மாதிரி தெரியவில்லை. ஆட்டக்காரர்கள் ஓய்வு நேரத்தில் அளக்கிற கதையின் தொனிதான். ஆனால் 'நல்ல ஆட்டக்காரர்' என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட்டில் ரன் அவுட் ஆக்க ஸ்டம்பைத் தட்டினால் போதும், ஓடிவருபவர் பக்கமே நாம் போக வேண்டியதில்லை. பேஸ்பாலில் முதல் பேஸிலிருந்து இரண்டாவது பேஸுக்குத் திருட்டுத்தனமாக ஓடுகிறவரைப் பந்துள்ள கையால் தொட்டாக வேண்டும். 90 அடி தூரத்தை அவர் முழு வேகத்தில் கடந்து, கடைசியில் காலை முன்னால் நீட்டிச் சறுக்கிக்கொண்டு வருவார். கேட்ச்சர் எறிகிற பந்து அதே நொடியில் வந்து சேரும். செகண்ட் பேஸ்மேனின் கண் பந்தின் மேல் இருக்க வேண்டும், பந்து கைக்கு வந்ததும் குனிந்து அந்தக் காலின் மேல் வைக்க வேண்டும். அந்தக் காலில் இரும்பு ஆணி அடித்த ஷூ. இன்ஃபீல்டில் உடம்பு இவ்வளவு திறந்துகிடக்கிற இடம் வேறில்லை. 1880களில் பெரும்பாலான ஆட்டங்களுக்கு ஒரே ஒரு அம்பயர்தான். அவர் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எல்லா ஆட்டக்காரர்களுக்கும் தெரியும்.

இப்போது ஸ்கோர் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்தப் பந்து கைநழுவியதும் மேசையில் உட்கார்ந்திருந்தவர் ஃபௌலர் பெயருக்கு நேராக ஒரு எரர், அதாவது ஃபீல்டிங் பிழை, போட்டிருப்பார். அவர் தப்பு செய்துவிட்டார் என்று சொல்ல முடியாது, பந்து விழுந்தது, எழுதினார். 130 வருஷம் கழித்து யாரோ ஒருவர் அந்தப் புத்தகங்களையும் பழைய செய்தித்தாள்களையும் கூட்டிக் கழித்து, இந்த ஆளின் ஃபீல்டிங் சராசரி இவ்வளவுதான் என்பார். பேஸ்பால்காரர்களுக்கு எண்கள் என்றால் உயிர், எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. ஆனால் ஃபௌலரின் எண்களைப் பார்க்கும்போது மட்டும் அந்த எரர் கட்டத்தை எப்படிப் படிப்பது என்று எனக்குப் புரிவதில்லை. அதில் எத்தனை கை பிசகியவை, எத்தனை காலைக் காப்பாற்றிக்கொண்டவை?

அவருடைய நிஜப் பெயர் ஜான் டபிள்யூ. ஜாக்சன். 1858 மார்ச் 16 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஃபோர்ட் பிளெய்ன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா முடிதிருத்துபவர். பையன் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கூப்பர்ஸ்டவுனுக்குக் குடிபெயர்ந்தது. ஆமாம், பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிற அதே கூப்பர்ஸ்டவுன்தான். 1839-இல் ஆப்னர் டபுள்டே என்பவர் அங்கேதான் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்று 1907-இல் ஒரு கமிஷன் தீர்ப்பு எழுதியது, அந்தத் தீர்ப்பை நம்பி 1939-இல் மண்டபமும் திறந்தார்கள். டபுள்டே கதை முழுக்கக் கட்டுக்கதை என்று இன்றைக்கு வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கட்டுக்கதைக்கு மண்டபம் எழுப்பிய ஊர், தன் தெருக்களில் வளர்ந்து தொழில்முறை ஆட்டக்காரராகப் போன பையனை வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை. பேஸ்பாலில் சம்பளம் வாங்கி ஆடிய முதல் கறுப்பர் என்று நமக்குத் தெரிகிறவர் அவர்.

ஃபௌலர் என்ற பெயரை அவரே வைத்துக்கொண்டார். மற்றவர்களை எல்லாம் 'பட்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் கடைசியில் அதுவே அவர் பெயராக ஒட்டிக்கொண்டது.

தொடங்கியது பிட்ச்சராக. 1878 ஏப்ரல் 24 அன்று மாசசூசெட்ஸில் ஒரு காட்சி ஆட்டம். எதிரணி பாஸ்டன், அதாவது முந்தைய ஆண்டு நேஷனல் லீகை வென்ற அணி. இருபது வயதுப் பையன் பந்தெறிந்து 2-1 என்று ஜெயித்தார். அடுத்த மாதமே லின் என்ற ஊரின் லைவ் ஓக்ஸ் அணி, இன்டர்நேஷனல் அசோசியேஷன் ஆட்டங்களில் அவரை இறக்கியது. வெள்ளைக்காரர்களின் லீகில் கறுப்பு ஆட்டக்காரர் ஒருவர் ஆடியது நமக்குத் தெரிந்தவரை அதுதான் முதல் தடவை. மேஜர் லீகின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் புரூக்ளினில் இறங்குவதற்கு 69 வருஷம் முன்பு.

அதற்கப்புறம் ஊர் ஊராகப் போனார், அது ஓயவே இல்லை. 1881-இல் கனடாவின் குவெல்ஃப் நகருக்குப் போனார், அங்கே சக ஆட்டக்காரர்கள் அவரோடு ஆட மாட்டோம் என்றதும் வெளியே. 1884-இல் மினசோட்டாவின் ஸ்டில்வாட்டர், பந்தெறிந்தார், விக்கெட் கீப்பர் மாதிரி பின்னால் உட்கார்ந்து கேட்ச்சும் பிடித்தார், எங்கே ஆள் குறைகிறதோ அங்கே நின்றார். 1885-இல் அயோவாவின் கியோகக். ஊரே அவரைக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது லீகே படுத்துவிட்டது. அந்தக் காலத்தில் சிறிய லீக்குகள் பாதிக்கு மேல் இப்படித்தான், டிக்கெட் விற்றுத்தான் ரயில் கட்டணமே கொடுக்க வேண்டும், இரண்டு அணி கையை விரித்தால் மற்றதும் சரிந்துவிடும். அங்கிருந்து கொலராடோ. 1886-இல் கேன்சஸின் டொபீகா, அங்கே .309 என்ற பேட்டிங் சராசரியில் அடித்தார். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னால் ரயில்வே கால அட்டவணை படிப்பது போல இருக்கும், விட்டுவிடுகிறேன். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அலைச்சலில் எந்தப் பங்கு லீக்குகளின் தரித்திரம், எந்தப் பங்கு அவர் தோல் என்று பிரிப்பது கஷ்டம். வெள்ளை ஆட்டக்காரர்களும் ஊர் மாறிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் அவர்களில் நன்றாக ஆடியவர்களுக்கு மேலே போக ஒரு படி இருந்தது. 1885 டிசம்பரில் ஸ்போர்ட்டிங் லைஃப் பத்திரிகை இதை மறைக்காமல் எழுதியது: பாவம், அவர் தோல் அவருக்கு எதிராக இருக்கிறது, இவ்வளவு திறமைக்கு வெள்ளைக்காரராக இருந்திருந்தால் என்றைக்கோ ஒரு நல்ல கிளப்பில் இருந்திருப்பார், நாட்டிலேயே இவரைவிடச் சிறந்த செகண்ட் பேஸ்மேன் இல்லை என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இதை எழுதியவர்களுக்கு அது ஒரு அநியாயமாகத் தோன்றியதா என்றால், மழை பெய்துகெடுத்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிற அதே வருத்தம்தான் தெரிகிறது.

இங்கே எனக்கு எப்போதும் பிட் மெக்ஃபீ ஞாபகம் வருவார். ஃபௌலரைவிட ஒரு வயது சின்னவர், அவரும் செகண்ட் பேஸ், வெள்ளைக்காரர். 1882-இல் சின்சினாட்டி அணியில் சேர்ந்து 1899 வரை, 18 சீசன், வேறு எந்த ஊருக்கும் போகாமல் அங்கேயே ஆடினார். மற்றவர்கள் எல்லாம் கையுறைக்கு மாறிய பிறகும் வெறுங்கையால் பிடித்தார், சீசனுக்கு முன்னால் கைகளை உப்புத்தண்ணீரில் ஊறவைத்துத் தோலைக் கெட்டிப்படுத்திக்கொள்வாராம், ஒருவழியாக 1896-இல்தான் கையுறை போட்டார். 1886-இல் அவர் செய்த 529 புட்அவுட்கள், அதாவது ஃபீல்டராகத் தானே ஆளை அவுட் ஆக்கியவை, இன்றுவரை எந்தச் செகண்ட் பேஸ்மேனும் தாண்டாத கணக்கு. மெக்ஃபீ பெரிய ஆட்டக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே மைதானத்தில், ஒரே மண்ணில், பக்கத்தில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப் எப்போது எந்தப் பக்கம் சாய்வார் என்று பழகிப் பழகித் தெரிந்துகொள்கிற வசதி இருந்தால்தான் இன்ஃபீல்டர் என்கிற ஆள் உருவாகவே முடியும். ஃபௌலருக்கு அந்த ஷார்ட்ஸ்டாப் ஒவ்வொரு வருஷமும் வேறு ஆள். சில ஊர்களில் அந்த ஆளே இவரை விரட்டப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

1887-இல் நடந்தது அதுதான். நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் அணி, இன்டர்நேஷனல் லீக். மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே. அந்த வருஷம் அந்த லீகில் கறுப்பு ஆட்டக்காரர்கள் பலர் இருந்தார்கள். பஃபலோவில் ஃபிராங்க் கிராண்ட், அவரும் செகண்ட் பேஸ். நியூவார்க்கில் பிட்ச்சர் ஜார்ஜ் ஸ்டோவியும் கேட்ச்சர் ஃபிளீட் வாக்கரும் ஜோடி. ஃபௌலருக்கு வயது 29, ஆட்டத்தின் உச்சம். 34 ஆட்டங்களில் .350 அடித்தார், 23 பேஸ் திருடினார். ஜூன் மாதத்தில் பிங்காம்டன் ஆட்டக்காரர்கள் ஒன்பது பேர் நிர்வாகத்துக்குத் தந்தி அடித்தார்கள், கறுப்பர்களை நீக்காவிட்டால் களத்தில் இறங்க மாட்டோம் என்று. ஒரே அணியில் தினமும் பக்கத்தில் நின்று ஆடுகிறவர்கள், நேரில் சொல்லாமல் தந்தி அடித்திருக்கிறார்கள். மாத முடிவில் ஃபௌலரை விடுவித்தார்கள், அதே லீகில் வேறு அணிக்கு ஆடக் கூடாது என்ற நிபந்தனையோடு. .350 அடிக்கிறவரை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கவும் மனசில்லை.

ஜூலை 14 அன்று லீகின் இயக்குநர்கள் பஃபலோவில் கூடி, இனிமேல் கறுப்பு ஆட்டக்காரர்களோடு புதிய ஒப்பந்தம் கிடையாது என்று 6-க்கு 4 வாக்கில் முடிவெடுத்தார்கள். அன்றைக்கே நியூவார்க்கில் சிகாகோ அணியின் கேப்டன் கேப் ஆன்சன், ஸ்டோவி பந்தெறிந்தால் ஆட மாட்டேன் என்று நின்றார், ஸ்டோவி உட்கார்த்தப்பட்டார். எல்லாப் பழியையும் ஆன்சன் தலையில் போட்டுவிடுவது வரலாற்றுப் புத்தகங்களுக்கு ஒரு வசதி. அவர் பெரிய பெயர், வாயும் பெரிது. ஆனால் ஃபௌலரை வெளியேற்றிய அந்த ஒன்பது பேர் யாரும் பெரிய பெயர் இல்லை. சம்பளம் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்த சாதாரண ஆட்டக்காரர்கள். நன்றாக ஆடுகிற கறுப்பர் ஒருவர் இருந்தால் தங்களில் ஒருவருக்கு இடம் போகும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியும்.

ஃபௌலருக்குக் கையில் இன்னொரு தொழில் இருந்தது. அப்பாவிடம் கற்றது, சவரமும் முடிவெட்டும். எந்த ஊரில் இறங்கினாலும், லீக் படுத்தாலும், குளிர்காலம் வந்தாலும், ஒரு சலூன் நாற்காலி அவருக்குச் சோறு போட்டது. அன்றைய அமெரிக்காவில் கறுப்பர்கள் சுயமாக நடத்த முடிந்த சில தொழில்களில் அது ஒன்று, பல ஊர்களில் வாடிக்கையாளர்கள் வெள்ளைக்காரர்கள். கண்ணை மூடிக் கழுத்தை நீட்டி, அந்தக் கையிலிருக்கும் கத்தியை நம்பியவர்கள்தான், அதே கை எறிகிற பந்தைப் பிடிக்க மாட்டோம் என்றார்கள். இந்த மாதிரித் தர்க்கம் நமக்கொன்றும் புதிதில்லை. தலித் கிரிக்கெட் வீரர் பால்வங்கர் பாலுவின் பந்துவீச்சு பூனா இந்துக்களுக்கு வேண்டியிருந்தது, தேநீர் மட்டும் பெவிலியனுக்கு வெளியே, தனி மண்குவளையில்.

பிங்காம்டனுக்குப் பிறகு பலர் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இவர் இன்னும் எட்டு வருஷம் வெள்ளை லீக்குகளின் ஓரங்களில் கிடைத்த இடத்தில் ஆடினார். வெர்மான்ட், இண்டியானா, நியூ மெக்சிகோ, மிச்சிகன், இல்லினாய்ஸ், நெப்ராஸ்கா. மொத்தம் பத்து சீசன் என்று கணக்கிடுகிறார்கள். வெள்ளை லீக்குகளில் இத்தனை சீசன் ஆடிய கறுப்பர் வேறு யாரும் இல்லை, 1956-இல் ஜாக்கி ராபின்சன் தன் பதினோராவது சீசனை ஆடும்வரை.

1890களில் ஒஹையோ மாநிலத்தின் ஃபிண்ட்லே அவருக்கு ஓரளவு சொந்த ஊர் மாதிரி ஆனது. ஆட்டமும் இருந்தது, சலூனும் இருந்தது. அதே அணியில் கிராண்ட் ஜான்சன் என்ற உள்ளூர் இளைஞர், ஷார்ட்ஸ்டாப், பின்னாளில் 'ஹோம் ரன்' ஜான்சன் என்றே பெயர் வாங்கியவர். இவர்கள் இருவரும் 1894 கடைசியில் ஒரு யோசனையோடு மிச்சிகனின் ஏட்ரியன் நகருக்குப் போனார்கள். அங்கே பேஜ் என்ற கம்பிவேலி கம்பெனி. உங்கள் வேலிக்கு விளம்பரம் வேண்டாமா, முழுக்கக் கறுப்பு ஆட்டக்காரர்களை வைத்து ஒரு அணி நடத்துங்கள் என்று பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். பேஜ் ஃபென்ஸ் ஜயன்ட்ஸ் பிறந்தது அப்படித்தான். கம்பிவேலி விற்க பேஸ்பால் அணி!

எனக்கு ஃபௌலர் மேல் மரியாதை இன்னும் ஒரு படி கூடுவது இந்த இடத்தில்தான். அணிக்குத் தனி ரயில் பெட்டி செய்யச் சொன்னார்கள், படுக்கை, சமையல்காரர், எடுபிடி ஆள் எல்லாம் அதிலேயே. பார்க்கிறவர்களுக்குப் பகட்டு. உள்ளே ஆடுகிறவர்களுக்கு அது வேறு, எந்த ஊர் ஹோட்டலிலும் அறைக்காகக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டாம். சைக்கிள் கம்பெனி ஒன்றும் ஸ்பான்சர் ஆனது. ரயில் நின்றதும் ஆட்டக்காரர்கள் சீருடையோடு சைக்கிளில் ஏறி ஊர்வலமாகக் கடைத்தெருவைச் சுற்றுவார்கள், கூட்டம் பின்னாலேயே மைதானத்துக்கு வரும். 1895 ஏப்ரலில் சின்சினாட்டி ரெட்ஸோடு இரண்டு ஆட்டம் ஆடி இரண்டிலும் தோற்றார்கள், ஆனால் ஊர் ஊராகப் போய் அந்த வருஷம் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டம் ஜெயித்தார்கள். ஃபௌலர் அதை முழுசாக இருந்து பார்க்கவில்லை. சீசன் நடுவிலேயே விலகி மிச்சிகன் ஸ்டேட் லீகில் போய்ச் சேர்ந்தார். 37 வயதிலும், தானே உருவாக்கிய அணியை விட்டுவிட்டு, வெள்ளை லீகில் ஒரு இடம் கிடைத்ததும் போயிருக்கிறார். அதுதான் அவர் அப்படி ஆடிய கடைசி லீக்.

அந்தக் காலகட்டத்தில் அவர் பத்திரிகைக்குச் சொன்ன சில வரிகள் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. இந்த வருஷம் பிழைப்பே நடக்கவில்லை, சும்மா உயிரோடு இருந்தேன், அவ்வளவுதான் என்று தொடங்குகிறார். அப்புறம், என் தோல் எனக்கு எதிராக இருக்கிறது, இவ்வளவு கறுப்பாக இல்லாமல் இருந்திருந்தால் ஸ்பானியர் என்றோ வேறு என்னவோ என்றோ சொல்லிச் சமாளித்திருப்பேன் என்கிறார். பத்து வருஷம் முன்பு ஸ்போர்ட்டிங் லைஃப் இவரைப் பற்றி எழுதிய அதே வாக்கியம், இப்போது இவர் வாயில். நக்கலாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. நிஜமாகவே நிறம் கொஞ்சம் குறைந்த சில ஆட்டக்காரர்களை அந்தக் காலத்துப் பத்திரிகைகளே ஸ்பானியர் என்று பூசி மெழுகின, ஃபிராங்க் கிராண்டையும் சேர்த்து.

1899-இல் இன்னொரு அணி, ஆல்-அமெரிக்கன் பிளாக் டூரிஸ்ட்ஸ். இந்த முறை ஊர்வலம் சைக்கிளில் இல்லை. கறுப்புப் பேன்ட், வெள்ளை வெயிஸ்ட்கோட், வால் வைத்த கோட், ஆப்பரா தொப்பி, கையில் பட்டுக்குடை. கேட்டுக்கொண்டால் அதே உடுப்போடு ஆட்டமும் ஆடிக் காட்டுவோம் என்று அறிவித்தார். இதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், வெள்ளைக்காரர் கூட்டத்துக்கு வேடிக்கை காட்டுவதா என்று. ஆனால் நான் சங்கடப்பட்டு என்ன, அவருக்கு 41 வயது, நாடு முழுக்க லீக்குகள் கதவைச் சாத்திவிட்டன, பத்துப் பதினைந்து ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். தவிர, எல்லோரும் அழுக்கு உடையில் கற்பனை செய்துவைத்திருந்த ஆட்களை நாட்டிலேயே மிடுக்கான உடுப்பில் நடத்திக் காட்டுவதில் அவருக்கென்று ஒரு குறும்பும் இருந்திருக்கலாம்.

கடைசி வருஷங்கள் நோயும் வறுமையும்தான். அவருக்காக ஒரு நிதி ஆட்டம் நடத்த முயற்சி நடந்தது, நடக்கவில்லை. 1913 பிப்ரவரி 26 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஃபிராங்க்ஃபர்ட்டில் சகோதரி வீட்டில் ரத்தசோகையால் இறந்தார். கல்லறைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை, 1987-இல் பேஸ்பால் ஆய்வாளர்களின் சங்கம்தான் ஒரு கல் நட்டது. கூப்பர்ஸ்டவுனில் மைதானத்துக்குப் போகிற தெருவுக்கு 2013-இல் அவர் பெயர் வைத்தார்கள். மைதானத்தின் பெயர் இன்னமும் டபுள்டேதான். ஹால் ஆஃப் ஃபேமில் மெக்ஃபீ 2000-இலும் ஃபிராங்க் கிராண்ட் 2006-இலும் சேர்ந்தார்கள், ஃபௌலருக்கு 2022 ஜூலை வரை ஆனது. விழாவில் அவருக்காகப் பேச, முன்னாள் மேஜர் லீக் ஆட்டக்காரர் டேவ் வின்ஃபீல்டை மேடைக்கு அழைத்தார்கள்.

பேஜ் ஃபென்ஸ் அணி அவர் விலகிய பிறகும் 1898 வரை ஓடியது. அப்புறம் அதன் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் சிகாகோவுக்குப் போய் கொலம்பியா ஜயன்ட்ஸ் ஆனார்கள். 1895-இல் அங்கே செகண்ட் பேஸ் ஆடிய சோல் வைட்தான் 1907-இல் கறுப்பு பேஸ்பாலின் முதல் வரலாற்றை எழுதியவர். ஃபிண்ட்லேயில் ஃபௌலருக்குப் பக்கத்தில் நின்ற கிராண்ட் ஜான்சன் பிலடெல்ஃபியா, புரூக்ளின், சிகாகோ என்று கறுப்பு அணிகளில் இன்னும் பல வருஷம் ஷார்ட்ஸ்டாப் ஆடினார்.